கோடிட்ட இடத்தை நிரப்பத் தமிழும் உதவும்

ஜூன் விடுமுறை முடிந்துவிட்டால் தொடக்கநிலை 6 பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் பேச்செல்லாம் பிஎஸ்எல்இ பற்றித்தான். ஆகஸ்டில் வாய்மொழித் தேர்வு, செப்டம்பர் இறுதியில் எழுத்துத் தேர்வு என்று நாட்காட்டியில் வட்டம் போட்டாகிவிடும். புத்தகக் கடைகளில் பயிற்சி நூல்கள் அடுக்கிய பகுதிக்கு முன்னால் அம்மாக்களும் அப்பாக்களும் கூடை நிறைய எடுத்துக்கொண்டு நிற்பார்கள். அந்தக் கூடைகளில் தவறாமல் இருக்கும் ஒன்று, ஆங்கிலத்தில் கோடிட்ட இடங்களை நிரப்பும் ‘க்ளோஸ்’ பயிற்சி நூல்.

ஆங்கில இரண்டாம் தாளில் இந்த வகைப் பயிற்சி ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வருகிறது. ஒன்றில் சொற்களைப் பெட்டிக்குள் கொடுத்துவிடுவார்கள். பொருத்தமானதைத் தேர்ந்தெடுத்தால் போதும். பிள்ளைகள் பயப்படுவது இன்னொன்றுக்கு. ஒரு பத்தியில் 15 இடங்கள் காலியாக இருக்கும். பெட்டி கிடையாது. ஒவ்வோர் இடத்திலும் ஒரே ஒரு சொல்லைப் பிள்ளையே யோசித்து எழுத வேண்டும். ஆங்கிலப் பாடத்தின் மொத்த மதிப்பெண் 200. அதில் 15 இதற்கு. ஆறு இடங்கள் தவறினால் நூற்றுக்கு மூன்று மதிப்பெண் போய்விடும். 86 எடுத்து ஏஎல் 2 பெறவேண்டிய பிள்ளை 83க்கு இறங்கி ஏஎல் 3 பெறும். பெற்றோரின் பதற்றத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

சனிக்கிழமைகளில் எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்கு நான் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். எல்லாம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள். சில வாரங்களுக்கு முன்பு ஒரு தாய் வகுப்பு முடியும்வரை காத்திருந்து பேசினார்.

“டீச்சர், நாலு புக்கு முடிச்சிட்டான். இன்னும் பதினஞ்சுக்கு ஏழுதான் வருது. வீட்டுல நாம தமிழ் பேசுறதாலதான் இப்படின்னு அவங்க அப்பா சொல்றாரு. இனிமே இங்கிலீஷ் மட்டும்தான்னு முடிவு பண்ணிட்டோம். ஆனா எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. அவன்கிட்ட என்ன பேசுறதுன்னே தெரியல.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. 15 மதிப்பெண்ணுக்காக ஒரு தாயும் மகனும் வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள். இப்படி முடிவெடுத்த குடும்பம் இது ஒன்று மட்டுமல்ல. இங்கு வாழும் இந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்று 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டியது. அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் ‘தமிழ் பேசினால் ஆங்கிலம் கெட்டுவிடும்’ என்ற பயம் ஒரு காரணமாக இருந்தால், அந்தப் பயத்திற்கு அடிப்படை இல்லை. அதை இந்தக் கோடிட்ட இடங்களை வைத்தே காட்ட முடியும்.

காலி இடம் எதைச் சோதிக்கிறது?

இந்தப் பயிற்சியின் வரலாறே அதைச் சொல்லிவிடும். ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பள்ளிப் பிள்ளைகளின் அறிவாற்றலை அளக்க, இடையிடையே விடுபட்ட பத்திகளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். 1953ல் அமெரிக்கரான வில்சன் டெய்லர் இதற்கு ‘க்ளோஸ்’ என்று பெயர் வைத்தார். குறையாக இருக்கும் உருவத்தை மனம் தானாகவே நிறைவு செய்துகொள்ளும் என்ற உளவியல் கருத்திலிருந்து வந்த பெயர் அது. டெய்லர் அளக்க விரும்பியது மாணவர்களின் சொல்வளத்தை அல்ல. ஒரு கட்டுரை வாசகருக்கு எவ்வளவு எளிதாகப் புரிகிறது என்பதைத்தான். குறிப்பிட்ட இடைவெளியில் சொற்களை நீக்கிவிட்டு, வாசகர் எத்தனை சொற்களைத் திரும்பக் கண்டுபிடிக்கிறார் என்று எண்ணினார். புரிந்தால் நிரப்ப முடியும், புரியாவிட்டால் முடியாது.

இக்காலத்துக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கூகல் நிறுவனம் 2018ல் வெளியிட்ட ‘பெர்ட்’ என்ற செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரியை எப்படிப் பழக்கினார்கள் தெரியுமா? வாக்கியங்களில் ஏறக்குறைய 15 விழுக்காட்டுச் சொற்களை மறைத்துவிட்டு, முன்னால் உள்ள சொற்களையும் பின்னால் உள்ள சொற்களையும் பார்த்து மறைந்ததை ஊகிக்க வைத்தார்கள். முன்னாலும் பின்னாலும் பார்ப்பது என்பதுதான் இதில் முக்கியம். நம் பிள்ளைகளில் பலர் முன்னால் மட்டும் பார்க்கிறார்கள். கோடு வந்ததும் பென்சிலை ஊன்றிவிடுகிறார்கள்.

நம் தமிழ்த் தாளிலும் இதே பயிற்சி உண்டு. ‘முன்னுணர்வுக் கருத்தறிதல்’ என்று பெயர். முன்கூட்டியே உணர்ந்து கருத்தை அறிவது. ஆங்கிலப் பெயரைவிட இந்தப் பெயர் வேலையைத் தெளிவாகச் சொல்கிறது.

ஒரு சின்னப் பத்தி

வகுப்பில் நான் கொடுத்த இரண்டு வாக்கியங்கள் இவை:

மை கிராண்ட்மதர் கேம் ஹோம் சோக்ட், ______ ஷீ வாஸ் ஸ்மைலிங். ஷீ ஹேட் ______ ஹர் அம்ப்ரெல்லா டு எ யங் மதர் அட் த பஸ் ஸ்டாப்.

முதல் இடத்தில் பெரும்பாலோர் ‘அண்ட்’ என்று எழுதினார்கள். இலக்கணப்படி குற்றமில்லை. ஆனால் பாட்டி தொப்பலாக நனைந்து வருகிறார், முகத்தில் சிரிப்பு. நனைந்தால் சிரிப்பு வருமா? இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கிறது. அதைப் பார்த்தவர்கள் ‘பட்’ அல்லது ‘யெட்’ என்று எழுதினார்கள்.

இரண்டாம் இடத்தில்தான் வேடிக்கை. நனைந்து வந்தார், குடை என்று வருகிறது. உடனே ‘ஃபர்காட்டன்’, மறந்துவிட்டார் என்று பலர் எழுதினார்கள். கோட்டுக்கு முன்னால் மட்டும் பார்த்தால் சரியாகத்தான் தோன்றும். ஆனால் பின்னால் ‘டு எ யங் மதர்’ என்று இருக்கிறது. ஓர் இளம் தாய்க்கு மறந்துவிட்டார் என்று யாராவது சொல்வார்களா? ‘க்கு’ வந்தாலே கொடுத்திருக்க வேண்டும் என்று தெரிகிறது. ஆக, சொல் ‘கிவ்’ அல்லது ‘லெண்ட்’ என்பதிலிருந்து வரவேண்டும். முன்னால் ‘ஹேட்’ இருப்பதால் ‘கேவ்’ பொருந்தாது, ‘கிவன்’ அல்லது ‘லெண்ட்’ என்பதன் இறந்தகால வடிவமான ‘லென்ட்’ வரவேண்டும். பாட்டி ஏன் சிரித்தார் என்பதும் இப்போது புரிகிறது. முதல் இடத்தின் விடையை இரண்டாம் வாக்கியம் உறுதி செய்கிறது.

ஒரு பையன் ‘பாரோட்’ என்று எழுதியிருந்தான். இது நம் ஊரில் நிறையப் பிள்ளைகளுக்கு வரும் குழப்பம். ‘பாரோ மீ யுவர் பென்’ என்று நாள்தோறும் காதில் விழுகிறது. அவனிடம் தமிழில் கேட்டேன்: “பாட்டி குடையை இரவல் வாங்கினாங்களா, இரவல் கொடுத்தாங்களா?” “கொடுத்தாங்க” என்றான். “வாங்கினா பாரோ, கொடுத்தா லெண்ட்” என்றேன். அதற்குப் பிறகு அந்தத் தவறு அவனிடம் வரவில்லை. அவனுக்குத் தெளிவைக் கொடுத்தது அவன் வீட்டில் கேட்ட தமிழ்.

தமிழ் கொடுக்கும் சாவிகள்

இது ஒரு சொல்லோடு நிற்பதில்லை. பிள்ளைகள் தடுமாறும் பல இடங்களில் தமிழ் கைகொடுக்கிறது.

‘ஃபார்’, ‘சின்ஸ்’ இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘மூன்று ஆண்டுகளாக’ என்று சொல்கிறோம், ‘2022லிருந்து’ என்று சொல்கிறோம். ‘2022ஆக வசிக்கிறோம்’ என்று எந்தத் தமிழ்ப் பிள்ளையும் சொல்லாது. ‘ஆக’ வரும் இடத்தில் ‘ஃபார்’, ‘இருந்து’ வரும் இடத்தில் ‘சின்ஸ்’. இவ்வளவுதான் விதி.

‘எ’, ‘த’ என்ற சொற்கள் தமிழில் இல்லை, அதனால்தான் நம் பிள்ளைகளுக்குச் சிரமம் என்பார்கள். சொல்தான் இல்லை, கருத்து இருக்கிறது. ‘புத்தகம் வாங்கினேன்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம். ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்றால் நாம் இருவரும் அறிந்த அந்தப் புத்தகம். முதலாவது ‘எ புக்’, இரண்டாவது ‘த புக்’. இரண்டாம் வேற்றுமை உருபான ‘ஐ’ இங்கே ‘த’ செய்யும் வேலையைச் செய்கிறது. எல்லா இடத்திலும் இப்படிப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் ‘எந்தப் புத்தகம் என்று கேட்பவருக்கு முன்பே தெரியுமா?’ என்ற கேள்வியைப் பிள்ளை கேட்கப் பழகிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

‘ஆல்தோ’ என்று தொடங்கி நடுவில் ‘பட்’ போடுவது இங்கு மிகப் பரவலான தவறு. ‘மழை பெய்தாலும் ஆனால் அவர் போனார்’ என்று தமிழில் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளையே சிரித்துவிடும். ‘ஆலும்’ ஒருமுறை சொன்னால் போதும். ஆங்கிலத்திலும் அப்படியே.

‘ஷீ கோ டு ஸ்கூல்’ என்று எழுதும் பிள்ளைக்கும் தமிழைக் காட்டலாம். நான் போகிறேன், நீ போகிறாய், அவள் போகிறாள், அவர்கள் போகிறார்கள் என்று நாம் ஒவ்வொருவருக்கும் வினையின் வாலை மாற்றுகிறோம். ஆங்கிலம் நிகழ்காலத்தில் ‘ஹி, ஷீ, இட்’ என்ற ஒருமைக்கு மட்டும் ஓர் ‘எஸ்’ கேட்கிறது. இத்தனை வால்களைச் சமாளிக்கும் பிள்ளைக்கு அந்த ஒன்று பெரிதல்ல.

தமிழ் வழுக்கிவிடும் இடங்கள்

எல்லாம் இப்படி இனிமையாக அமைவதில்லை. தமிழை அப்படியே பெயர்த்தால் தவறாகும் இடங்களும் உண்டு. அவற்றையும் சொல்லிவிடுவதுதான் முறை.

‘மூன்று ஆண்டுகளாக இங்கே வசிக்கிறோம்’ என்பதில் தமிழ் வினை நிகழ்காலம். அதனால் பிள்ளை ‘வி ஆர் லிவிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்று எழுதும். ஆங்கிலத்தில் ‘ஹேவ் பீன் லிவிங்’ என்று வரவேண்டும். அன்று தொடங்கி இன்றும் தொடர்வதற்கு ஆங்கிலம் தனி வடிவம் வைத்திருக்கிறது.

‘இல்’ என்ற ஓர் உருபை நாம் பெட்டியில், மேசையில், பேருந்தில், காரில், காலையில் என்று எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்கிறோம். ஆங்கிலம் அதை ‘இன்’, ‘ஆன்’, ‘அட்’ என்று பிரிக்கிறது. பேருந்துக்கும் ரயிலுக்கும் ‘ஆன்’, காருக்கும் டாக்சிக்கும் ‘இன்’. ஏறி நின்று நடக்க முடிந்தால் ‘ஆன்’, குனிந்து நுழைந்து உட்கார வேண்டியிருந்தால் ‘இன்’ என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் மறப்பதில்லை. இதுபோன்ற இடங்களில் விதியைவிட வாசிப்புப் பழக்கம்தான் கைகொடுக்கும்.

பெரியவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ‘அதைப் பற்றிப் பேசினோம்’ என்பதிலிருந்துதான் ‘டிஸ்கஸ் அபவுட்’ பிறக்கிறது. ‘டிஸ்கஸ்’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘பற்றி’ இருக்கிறது. அதற்குப் பின்னால் ‘அபவுட்’ வேண்டாம். அதேபோல ‘ரிப்ளை மீ’ என்று மின்னஞ்சலில் எழுதுகிறோம். அங்கே ‘ரிப்ளை டு மீ’ என்று ‘டு’ வேண்டும். ஒன்றில் இல்லாததைச் சேர்க்கிறோம், மற்றொன்றில் இருக்க வேண்டியதை விடுகிறோம். அலுவலகத்தில் ஒரு முக்கியமான மின்னஞ்சலை அனுப்புமுன் வினைச்சொற்களுக்கு அடுத்த இடத்தைக் கோடிட்ட இடமாக நினைத்துக்கொண்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

வீட்டில் இருபது நிமிடம்

அந்தத் தாயிடம் நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். வாரத்திற்கு ஐந்து பத்திகளை ஓட்டுவதைவிட ஒரு பத்தியைச் சரியாகச் செய்வது மேல்.

முதலில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பத்தியை முழுதாகப் படிக்க வேண்டும். காலி இடங்களில் ‘ம்’ என்று சொல்லிக்கொண்டு தாண்டிப் போகலாம்.

அடுத்து, பத்தியில் என்ன நடந்தது என்று பிள்ளை தமிழில் சொல்ல வேண்டும். இங்கேதான் பெற்றோர் வருகிறார்கள். கதையைச் சொல்ல முடியாத பிள்ளைக்கு 15 இடங்களையும் நிரப்ப முடியாது.

பிறகு உறுதியாகத் தெரிந்த இடங்களை முதலில் நிரப்ப வேண்டும். ஒவ்வொரு விடை எழுதப்படும்போதும் பத்தி இன்னும் கொஞ்சம் வெளிச்சமாகும். கடினமான இடங்களுக்குக் கடைசியில் திரும்பலாம்.

முடிந்ததும் நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “எந்தச் சொல்லைப் பார்த்து இதை எழுதினே?” பிள்ளை பத்தியில் ஒரு சொல்லை விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். ‘சும்மா தோணுச்சு’ என்றால் அந்த இடத்தை மறுபடியும் பார்க்க வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. விடைதான் நூலின் பின்பக்கத்தில் இருக்கிறதே!

கடைசியாக, தவறிய இடங்களில் சொல்லை மட்டும் திருத்திவிட்டு விடக்கூடாது. முழு வாக்கியத்தையும் நோட்டில் எழுதி, அதே சொல்லை வைத்துத் தன் வீட்டைப் பற்றி ஒரு வாக்கியம் எழுத வேண்டும். தாளில் சரியாக நிரப்பும் பிள்ளை பேச்சில் அதே தவறைச் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். நிரப்பிய சொல் பிள்ளையின் சொந்தச் சொல்லாக மாறும் வழி இதுதான்.

பயிற்சி நூல் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நூலகத்திலிருந்து எடுத்துவந்த கதைப் புத்தகத்தின் ஒரு பக்கத்தில் சில சொற்கள்மீது சிறிய ஒட்டுத்தாள்களை ஒட்டி மறைத்துவிடுங்கள். பிள்ளை ஊகித்த பிறகு பிரித்துப் பார்க்கட்டும். எழுத்தாளர் போட்ட சொல்லும் தான் சொன்ன சொல்லும் வேறாக இருந்து, இரண்டுமே பொருந்தினால் எது சிறப்பு என்று பேசலாம். அடுத்த நாள் இந்தச் செய்தித்தாளிலிருந்தே ஒரு தமிழ்ச் செய்தியை எடுத்து அதே விளையாட்டை விளையாடலாம். இரண்டு தேர்வுக்கும் ஒரே பயிற்சி.

வீட்டில் ஆங்கிலமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆங்கிலம் நிறையக் காதில் விழ வேண்டும், நிறையப் படிக்க வேண்டும். ஆனால் அதற்காகத் தமிழைக் குறைக்க வேண்டாம். தயங்கித் தயங்கிப் பேசும் ஆங்கிலத்தில் அம்மா பிள்ளையிடம் மூன்று வாக்கியம் பேசுவார். தமிழில் முப்பது பேசுவார். ஏன் அப்படி ஆயிற்று, அதனால் என்ன ஆகும், இருந்தாலும் ஏன் செய்தார் என்று காரணமும் விளைவும் முரணும் அந்த முப்பது வாக்கியங்களில்தான் வருகின்றன. பத்தியில் காலியாக இருக்கும் ‘பிகாஸ்’, ‘தேர்ஃபோர்’, ‘ஹவ்எவர்’ எல்லாம் அந்த உறவுகளுக்கான ஆங்கிலப் பெயர்கள்தாம். உறவே மனத்தில் இல்லாத பிள்ளைக்குப் பெயரை மட்டும் மனப்பாடம் செய்ய வைத்து என்ன பயன்?

இந்த வாரப் பயிற்சி

குடும்பத்தோடு உட்கார்ந்து செய்து பாருங்கள். விடையை எழுதுமுன் எந்தச் சொல் துப்புக் கொடுத்தது என்பதைச் சொல்லிவிட்டு எழுதுங்கள்.

1. வி ஹேவ் பீன் வெயிட்டிங் ஹியர் ______ டூ அவர்ஸ்.

2. ஐ லெஃப்ட் மை ஃபோன் ______ த டாக்சி.

3. கேன் யூ ______ மீ யுவர் ரூலர்?

4. ஆல்தோ மை சிஸ்டர் வாஸ் டயர்ட், ______ ஃபினிஷ்ட் ஹர் ஹோம்வர்க்.

5. ஐ லுக் ஃபார்வர்ட் டு ______ யூ நெக்ஸ்ட் வீக்.

6. வி டிஸ்கஸ்ட் ______ த பிளான் யெஸ்டர்டே.

விடைகள்:

1. ஃபார். இரண்டு மணி நேர‘மாக’ என்பதால்.

2. இன். டாக்சிக்குள் உட்கார்ந்துதான் போகிறோம்.

3. லெண்ட். இரவல் கொடுக்கச் சொல்கிறோம்.

4. ஷீ. ‘பட்’ என்று எழுதியவர்கள் ‘ஆலும்’ இருப்பதைக் கவனிக்கவில்லை. ‘ஹர்’ என்ற சொல் பின்னால் நின்று துப்புக் கொடுக்கிறது.

5. சீயிங் அல்லது மீட்டிங். இந்தத் தொடரில் ‘டு’வுக்குப் பிறகு ‘இங்’ வடிவம்தான் வரும். வேலைக்கு விண்ணப்பம் எழுதும் இளையர்கள் குறித்துக்கொள்ளவும்.

6. எதுவும் வேண்டாம். கோடு போட்டிருப்பதாலேயே ஏதாவது எழுதத்தான் வேண்டும் என்று நினைத்தீர்களா? தேர்வில் இப்படிக் கேட்க மாட்டார்கள், ஆனால் அலுவலகத்தில் தினமும் இந்தக் கேள்வி வருகிறது.

ஆறுக்கு ஆறு எடுத்தவர்கள் அடுத்த வாரம் வரும்வரை ஒட்டுத்தாள் விளையாட்டை ஆடிக்கொண்டிருங்கள். நான்குக்குக் கீழே எடுத்தவர்களும் அதையே ஆடுங்கள். அடுத்த வாரம், பிள்ளைகள் அதிகம் தடுமாறும் ‘இன், ஆன், அட்’ மூன்றையும் நம் வீவக அடுக்குமாடிக் கட்டடத்தைச் சுற்றி நடந்தபடியே பார்ப்போம்.